இஸ்கூலும் சுகூருவும்: கௌதள்ளியிலிருந்து வெளிநாட்டு ஆங்கில வகுப்புக்கு

கொள்ளேகாலிலிருந்து ஹனூர், ராமாபுரம் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பேருந்து கௌதள்ளியில் நிற்கும். நடத்துநரிடம் கன்னடத்தில் சில்லறை கேட்டவர், படியை விட்டு இறங்கியதும் கூட வந்தவரிடம் தமிழில் பேச்சைத் தொடர்வார். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் தாலுகா சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் அது மைசூர் மாநிலத்துக்குப் போனது. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது இந்தப் பகுதியும் அதோடு பிரிந்தது. மலையைத் தாண்டிப் பாலாறு சோதனைச்சாவடியைக் கடந்தால் மேட்டூர்ப் பக்கம். இங்கே பல தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், மூன்றாவதாக ஆங்கிலம். பத்து வயதுக்குள் மூன்று மொழிகளுக்கு வாயைப் பழக்கிவிடுகிறார்கள்.

இந்த ஊரில் பி.ஏ. ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் முடித்த ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள். கொரியாவிலும் ஜப்பானிலும் ஆங்கில ஆசிரியர்கள் தேவைப்படுகிறார்கள் என்று கேள்விப்படுகிறாள். அவள் போக முடியுமா? பல மாதங்களாக நான் தேடிப் படித்தது இந்தக் கேள்விக்கான விடையைத்தான். அவளுடைய ஆங்கிலத்தைச் சோதிக்கும் முன்பே அவளுடைய பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்து முடிவு செய்யும் நாடுகள் பல இருக்கின்றன.

தென்கொரியாவையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே மொழி ஆசிரியருக்கான விசாவின் பெயர் ஈ-2. ஆங்கிலத்துக்கு அதைப் பெறக்கூடியவர்கள் என்று அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களைத்தான் பொதுவிதி சொல்கிறது. சீனாவின் வேலை அனுமதி முறையும் கிட்டத்தட்ட இதே பட்டியலை வைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே மற்றவர்கள் ஆங்கிலம் பேசும் நாட்டில் படித்துப் பட்டம் வாங்கியிருந்தால்தான் வழி. பயிற்சியே இல்லாத ஒருவர் ஏழு நாடுகளுள் ஒன்றில் பிறந்ததால் தகுதி பெறுகிறார். பத்தாண்டு வகுப்பெடுத்த ஒருவர் கௌதள்ளியில் பிறந்ததால் தகுதி இழக்கிறார். இது அநீதி என்பது என் கருத்து. அதைவிட, கற்றல் எப்படி நடக்கிறது என்பது பற்றிய பிழையான புரிதல் என்பது என் வாதம்.

இந்தப் புரிதல் எங்கிருந்து வந்தது? 1961-இல் உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகக் கல்லூரியில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு ஒன்று கூடியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே அதைக் கற்பிக்க ஏற்றவர் என்ற கொள்கை அந்தக் காலத்துச் சிந்தனையில் ஊறிக்கிடந்தது. ராபர்ட் பிலிப்சன் 1992-இல் வெளியிட்ட 'மொழிசார் ஏகாதிபத்தியம்' பற்றிய நூலில் அதை எடுத்துக் காட்டி, அது ஒரு பொய்ந்நம்பிக்கை என்று பெயரிட்டார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999-இல் இந்த விவாதத்தை இன்னும் ஆழமாக்கினார். அமெரிக்க ஆங்கிலக் கற்பித்தல் துறையின் முதன்மை இதழான 'டெசோல் குவார்ட்டர்லி'க்குப் பின்னாளில் அவரே ஆசிரியரானார். அந்த இதழை வெளியிடும் டெசோல் அமைப்பு 2006-இல், தாய்மொழி ஆங்கிலம் அல்லாத ஆசிரியர்களுக்கு எதிரான பாகுபாட்டைக் கண்டித்துத் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. ஆனாலும் விசா விதிகள் அந்தத் துறையின் அறிஞர்களைக் கேட்டு எழுதப்படுவதில்லை.

இதில் நம் ஊர்ப்பக்கத்துக் கதை ஒன்று உண்டு. இன்று லண்டனிலோ பாங்காக்கிலோ ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்குச் சேருகிறவர், பணிவழிக் கற்பித்தல் என்ற முறையைக் கட்டாயம் படிப்பார். இலக்கணத்தை முதலில் விளக்காமல், மாணவருக்கு ஒரு வேலையைக் கொடுத்து, அந்த வேலையைச் செய்து முடிக்கும் முயற்சியில் மொழி தானாக வந்து படிய விடுவது அது. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியைப் பிடிக்கலாம் என்று கண்டுபிடி, வரைபடத்தைப் பார்த்து வழி சொல் என்பது போன்ற பணிகள். இதற்கு அடித்தளம் போட்ட முயற்சிகளுள் முன்னோடியானது பெங்களூர்த் திட்டம். என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் அதை நடத்தினார். நெரிசலான வகுப்பறைகள், கரும்பலகை, சுண்ணக்கட்டி, இவைதான் அங்கே கருவிகள். 1987-இல் வந்த அவருடைய நூலை உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் படிக்கிறார்கள்.

அடுத்த தலைமுறையில் பா. குமாரவடிவேலு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத்தின் ஆங்கில நிறுவனத்திலும் படித்து, பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா சென்று கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் பேராசிரியரானவர். வெளியிலிருந்து வரும் எந்த ஒரு முறையும் எல்லா வகுப்புக்கும் பொருந்தாது, உள்ளூர் ஆசிரியர் தன் வகுப்பைப் பார்த்துத் தன் முறையைத் தானே உருவாக்க வேண்டும் என்பதை 1994 முதல் எழுதிவந்தார். ஆக, இந்தத் தொழிலின் பாடப்புத்தகங்களை எழுதியவர்களில் நம்மவர்களுக்குப் பங்குண்டு. அதே பாடப்புத்தகங்களைப் படித்துப் பட்டம் வாங்கிய கௌதள்ளிப் பெண்ணைத்தான் விசா அலுவலகம் திருப்பி அனுப்புகிறது.

இனி வகுப்பறைக்குள் போவோம்.

'ஸ்கூல்' என்ற சொல்லை நம் கிராமத்துப் பாட்டி எப்படிச் சொல்வார்? 'இஸ்கூல்'. கன்னடக்காரரும் 'இஸ்கூலு' என்பார். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதை நம் பேச்சு இயல்பாக ஏற்பதில்லை. மொழிக்கு முதலில் எவ்வெழுத்து வரும், எது வராது என்று தொல்காப்பியமே வகுத்து வைத்திருக்கிறது. அதனால் நம் நாக்கு முன்னால் ஓர் 'இ'யைப் போட்டு வழுக்கலைச் சமாளிக்கிறது. ஜப்பானியருக்கும் இதே சிக்கல்தான். அவர் நடுவில் ஓர் 'உ'வைச் செருகி 'சுகூரு' என்பார். 'ஸ்ட்ரைக்' என்ற ஓரசைச் சொல்லைக் கொரியர் ஐந்து அசையாக்கி 'சு-து-ரா-இ-கு' என்பார். 'பஸ்' நம் பேச்சில் 'பஸ்ஸு' ஆகிறது. ஜப்பானில் 'பசு', கொரியாவில் 'பொஸு'. சொல்லின் கடைசியில் ஒட்டும் அந்த மெல்லிய உகரம் மூன்று இடத்திலும் ஒன்றுதான். குறுகி ஒலிக்கும் உகரத்துக்குக் குற்றியலுகரம் என்று பெயர் சூட்டி இலக்கணம் எழுதிய மொழியில் பிறந்தவர்களுக்கு இது புதிய செய்தியா?

ஒரு ஜப்பானியச் சிறுவன் 'சுகூரு' என்று சொல்லும்போது, ஆங்கிலமே தாய்மொழியான ஆசிரியருக்கு அது பிழையாகக் கேட்கும். அந்தப் பிழை எங்கே பிறக்கிறது என்று பயிற்சி இல்லாமல் தெரியாது. அந்த இடத்தைக் கடந்து வந்தவள் கௌதள்ளி ஆசிரியை. பாம்பு சீறுவதுபோல் 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டு, மூச்சை விடாமல் 'கூல்' என்று சேர் என்பாள். அவளுக்கு யாரோ அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அல்லது அவளே கண்டுபிடித்திருப்பாள்.

சொல் வரிசையும் இதுபோலத்தான். 'நான் நேற்று கடையில் புத்தகம் வாங்கினேன்' என்ற வாக்கியத்தை ஜப்பானியத்திலும் கொரியத்திலும் கிட்டத்தட்ட அதே வரிசையில் சொல்லலாம். வினை கடைசியில் வரும். 'கடையில்' என்பதில் வரும் 'இல்' போல உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்துக்கு மாறும்போது வாக்கியத்தையே தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கிறது என்ற தவிப்பை நாம் ஆறாம் வகுப்பிலேயே பட்டிருக்கிறோம். இன்னும் கடினமானது 'ஏ', 'த' என்னும் சுட்டுச் சொற்கள். தமிழ், கன்னடம், ஜப்பானியம், கொரியம் எதிலும் அவற்றுக்கு நேர்ச் சொல் கிடையாது. 'ஐ வென்ட் டு ஸ்கூல்' என்பதற்கும் 'ஐ வென்ட் டு த ஸ்கூல்' என்பதற்கும் என்ன வேறுபாடு என்று மாணவர் கேட்டால், 'காதுக்குச் சரியாகப் படுகிறது' என்பது விடையாகாது. முதலாவது படிக்கப் போனது. இரண்டாவது அந்தக் கட்டடத்துக்குப் போனது, ஒருவேளை பிள்ளையின் கட்டணத்தைக் கட்ட. இதை விளக்கிச் சொல்ல, அதை ஒருநாள் கஷ்டப்பட்டுப் புரிந்துகொண்ட ஆள் வேண்டும்.

நம்மிடம் உள்ள குறைகளையும் சொல்லியாக வேண்டும். நம் பி.எட். படிப்பு ஆங்கிலத்தைப் பாடமாக நடத்தக் கற்றுத்தருகிறது. பேசவைக்கக் கற்றுத்தருவது குறைவு. பாடத்தை வாசித்து, தாய்மொழியில் விளக்கி, கேள்வி பதிலை எழுதவைத்து முடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சோல் நகரத்து மாணவருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. விளக்குவதற்கு ஆங்கிலமும் கைச்சைகையும் படமும் மட்டும்தான் துணை. 'டிஸ்கஸ் அபௌட்', 'டுடே மார்னிங்' போன்ற நம்மூர் வழக்குகள் வெளியே தேர்வு வைக்கும் இடத்தில் பிழையாகும். இவை ஒவ்வொன்றும் சில மாதப் பயிற்சியில் சரியாகக்கூடியவை. கேம்பிரிட்ஜின் செல்டா, டிரினிட்டி கல்லூரியின் சான்றிதழ் ஆகியவை குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. அவற்றில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும், பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெழுதுவார். இணையத்தில் தள்ளுபடி விலைக்குக் கிடைக்கும் '120 மணி நேரச் சான்றிதழ்' பலவற்றில் இந்த ஆறு மணி நேரம் கிடையாது. பணம் குறைவு என்று அதை வாங்கிவிட்டுப் பின்னால் வருந்துபவர்கள் அதிகம்.

தமிழர்கள் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிப்பது புதிதில்லை. 1823-இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியதிலிருந்து அந்தக் குடாநாட்டில் ஆங்கிலக் கல்வி ஊன்றியது. அங்கே படித்த தமிழர்கள் மலாயாவுக்கு எழுத்தர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் போனார்கள். பள்ளி ஆசிரியர்களாகவும் போனார்கள். எத்தியோப்பியாவில் பேரரசர் ஹெய்லே செலாசியின் காலத்தில் இந்திய ஆசிரியர்கள் ஊர் ஊராகப் பள்ளிகளில் இருந்தார்கள். கேரளத்தவரும் தமிழரும் அவர்களில் கணிசம். எழுபதுகளின் எண்ணெய்ச் செழிப்பில் நைஜீரியா ஆசிரியர்களைக் கூப்பிட்டபோதும் அப்படியே. அறுபதுகளில் பூட்டான் தன் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்றியபோது அங்கே போய் நின்றவர்கள் பெரும்பாலும் இந்திய ஆசிரியர்கள். மாலத்தீவின் தீவுப் பள்ளிகளில் இன்றும் இந்திய ஆசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள். இந்த நாடுகள் எவையும் 'நீ எந்த நாட்டில் பிறந்தாய்' என்பதைக் கற்பிக்கும் தகுதியாக்கவில்லை. வேலை நடந்தது, பிள்ளைகள் படித்தார்கள்.

இன்றைய கதவுகள் எப்படி இருக்கின்றன? நாட்டுக்கு நாடு வேறு.

ஜப்பானின் விதியைப் படித்தபோது எனக்கு முதலில் நம்பிக்கை வந்தது. பள்ளிகளில் அன்னிய மொழி கற்பிக்கும் 'பயிற்றுநர்' விசாவுக்கு அது பிறப்பைக் கேட்பதில்லை. பட்டத்தோடு, கற்பிக்கப்போகும் மொழியின் வழியே குறைந்தது 12 ஆண்டு கல்வி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. பெங்களூரில் முதல் வகுப்பு முதல் ஆங்கில வழியில் படித்தவருக்கு இது திறந்த கதவு. கௌதள்ளியில் கன்னட வழியில் ஏழாம் வகுப்பு வரை படித்து, பிறகு ஆங்கில வழிக்கு மாறி, கல்லூரியையும் முடித்தவர் ஆண்டுக்கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும்: எட்டு முதல் பத்து வரை மூன்று, பி.யூ.சி. இரண்டு, பட்டம் மூன்று, பி.எட். இரண்டு. மொத்தம் 10. எம்.ஏ.வும் ஆங்கில வழியில் படித்திருந்தால் 12 தொடும். கல்விச் சான்றிதழ்களில் 'பயிற்று மொழி ஆங்கிலம்' என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் புரியும். தாய்மொழி வழியில் தொடக்கக் கல்வி பெற்றதே தடையாவது எனக்கு வருத்தம் தருகிறது.

கொரியாவின் ஏழு நாட்டுப் பட்டியலில் ஒரு சிறிய வாசல் உண்டு. இந்தியாவும் கொரியாவும் 2009 ஆகஸ்டில் கையெழுத்திட்டு 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பொருளாதாரக் கூட்டு உடன்படிக்கையில், இந்திய ஆங்கில உதவி ஆசிரியர்களுக்கு இடம் கொடுக்கப்பட்டது. ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் வேண்டும். பள்ளிகளில் உதவி ஆசிரியராக மட்டும். அந்தக் கௌதள்ளிப் பெண்ணிடம் இரண்டும் இருக்கின்றன. ஆனால் கொரிய அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் எபிக் திட்டம் பல ஆண்டுகளாக அந்த ஏழு நாட்டினரிடமிருந்தே விண்ணப்பம் வாங்கிவந்திருக்கிறது. உடன்படிக்கை எழுத்தில் உள்ள வாசலை நடைமுறையில் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. நம் தரப்பில் அதற்காகக் கேட்டுப் போராட ஓர் அமைப்பும் இல்லை. பொறியாளர்களுக்கும் செவிலியர்களுக்கும் இருப்பதுபோல் ஆங்கில ஆசிரியர்களுக்குக் குரல் இல்லாதது இதில் பெரிய குறை.

தாய்லாந்து, வியட்நாம் இரண்டிலும் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டி உள்ளே போகலாம். தாய்லாந்தில் பள்ளிகள் பட்டத்தோடு டோஈக் தேர்வில் 600 போன்ற ஒரு மதிப்பெண்ணைக் கேட்கின்றன. வியட்நாமில் மொழி மையங்களில் கற்பிக்க, தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர் ஆறு படிகள் கொண்ட அளவுகோலில் ஐந்தாம் படியை எட்டியிருக்க வேண்டும், கற்பித்தல் சான்றிதழும் வேண்டும். கடினமான அளவுதான், ஆனாலும் நேர்மையானது: முயன்றால் எட்டலாம். ஆனால் பல விளம்பரங்கள் ஒரே வேலைக்குத் தாய்மொழியாளருக்கு ஒரு சம்பளம், மற்றவருக்கு ஒரு சம்பளம் என்று வெளிப்படையாகவே எழுதுகின்றன.

இங்கிலாந்து 2023 பிப்ரவரி முதல் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளின் ஆசிரியர்களுக்குத் தன் ஆசிரியர் தகுதியைப் பெறும் வழியைத் திறந்தது. இந்தியர்களுக்கு அது கணிதம், அறிவியல், அன்னிய மொழிகளுக்கு மட்டும். ஆங்கிலத்துக்கு இல்லை.

மாற்றம் எப்படி வரும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் நல்ல சான்று. ஆங்கிலம் அங்கேயும் பெரும்பாலோருக்கு வீட்டுமொழி அல்ல, பள்ளிமொழி. ஆனால் செபு, பாகியோ நகரங்களுக்குக் கொரிய மாணவர்கள் ஆங்கிலம் படிக்கவே விமானம் ஏறி வருகிறார்கள். ஜப்பானின் இணைய ஆங்கில நிறுவனங்கள் பலவும் பிலிப்பினோ ஆசிரியர்களை வைத்தே வளர்ந்தன. நேருக்கு நேர் 25 நிமிட வகுப்பு, பொறுமையான திருத்தம், கட்டுப்படியாகும் கட்டணம்: இவற்றைக் கொண்டே வாடிக்கையாளர்கள் 'தாய்மொழியாளர்' என்ற சொல்லைத் தாங்களே மறந்தார்கள். கௌதள்ளிக்கு நல்ல இணைய இணைப்பு வந்தால், அந்தப் பெண் ஊரை விட்டுப் போகாமலேயே இந்த வேலையின் ஒரு பகுதியைச் செய்ய முடியும்.

போவதென்று முடிவானால் காகித வேலை நீளமானது. பாஸ்போர்ட்டுக்கு மைசூர் போகலாம். நாட்டின் முதல் இரண்டு அஞ்சலகப் பாஸ்போர்ட் மையங்களில் ஒன்று 2017 ஜனவரியில் அங்கேதான் திறந்தது. பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஒட்டு. இந்தியா 2005-இல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தது. கொரியாவும் ஜப்பானும் அதில் உண்டு, சவுதி 2022-இலும் சீனா 2023-இலும் சேர்ந்தன. சேராத நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பமும் தனியாக வாங்க வேண்டும். காவல்துறை நற்சான்றும் மருத்துவச் சான்றும் வேறு.

முகவர்களிடம்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. 1983-இன் குடியகல்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும், அவ்வளவுதான். பதிவெண்ணை ஈ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்குக் குடியகல்வு அனுமதி தேவையில்லை என்பது படித்தவருக்குச் சலுகை போலத் தெரியும். உண்மையில், கட்டடத் தொழிலாளியின் ஒப்பந்தத்தை அரசு அதிகாரி ஒருமுறையாவது பார்ப்பார்; ஆசிரியையின் ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. அதனால் அவளே ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும்: வாரத்துக்கு எத்தனை வகுப்பு, விடுமுறை மாதத்தில் சம்பளம் உண்டா, தங்குமிடம் யார் பொறுப்பு, இடையில் விலகினால் பயணச் செலவு யாருடையது. 'சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்த பிறகு மாற்றித் தருகிறோம்' என்று சொல்கிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். 2022-இல் தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் அடைபட்ட தமிழ் இளைஞர்களை மீட்டு வந்தது இன்னும் மறக்கவில்லை.

புறப்படும் முன் பழகிப் பார்க்கப் பக்கத்திலேயே ஓர் இடம் உண்டு. ஹனூர் தாலுகாவின் உடையார்பாளையத்தில் எழுபதுகளில் குடியமர்ந்த திபெத்தியர்கள் இருக்கிறார்கள். மைசூர் மாவட்டத்துப் பைலகுப்பேயில் அறுபதுகளின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறார்கள். பைலகுப்பே மடாலயங்களின் இளம் துறவிகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் தன்னார்வலர்கள் வருவதுண்டு. அன்போடு வருகிறார்கள், நல்லது. திபெத்தியத்திலும் வினை வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். கௌதள்ளி ஆசிரியை வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் உடையார்பாளையத்தில் சில மாதம் மாலை வகுப்பெடுத்துப் பார்க்கலாம். தமிழோ கன்னடமோ வீட்டுமொழி அல்லாத மாணவர்கள். விளக்கத்துக்கு ஆங்கிலமும் கரும்பலகையும் மட்டும். ஒரு மாணவரின் வாயில் 'ஸ்ட்ரைக்' எத்தனை அசையாக வருகிறது என்று அவள் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும்.